யார் வேகமானவள் என்று கேட்பவர்கள்

1943இல் பம்பாய் மகாலட்சுமி திடலில் இந்திய டெர்பி முதன்முறையாக ஓடப்பட்டது. அப்போது அதற்கு 'கன்ட்ரி பிரெட் டெர்பி' என்று பெயர். வென்றது ஒரு பெண்குதிரை, பிரின்சஸ் பியூட்டிஃபுல். பரோடா மகாராஜாவுக்குச் சொந்தமானவள். ஓட்டியவர் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலிய ஜாக்கி. அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே திடலில் அதே பந்தயத்தை ஜாக்குலின் என்ற இன்னொரு பெண்குதிரை வென்றாள். இந்த இருவரையும் ஒரே நாளில், ஒரே தரையில் ஓடவிட்டால் யார் முந்துவாள்?

பந்தயக்காரர்களுக்குச் சலிக்காத விளையாட்டு இது. 1970களில் 19 ஓட்டங்களில் 18 வென்ற ஸ்குவாண்டரர் பெரியவனா, பின்னால் வந்த எலூசிவ் பிம்பர்னல் பெரியவனா என்று ஒரு தலைமுறையே பேசியிருக்கிறது. அமெரிக்காவில் மேன் ஓ வாரா, செக்ரட்டேரியட்டா. ஆஸ்திரேலியாவில் 25 ஓட்டங்களில் ஒன்றிலும் தோற்காத பிளாக் கேவியரா, தொடர்ந்து 33 வென்ற விங்ஸா. கடைசி இருவரும் பெண்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1870களில், ஐரோப்பா முழுக்க ரயிலில் போய் 54 பந்தயங்கள் ஓடி 54ஐயும் வென்ற ஹங்கேரியப் பெண்குதிரை கின்செம் இருக்கிறாள். அந்தப் பெயருக்கு 'என் செல்வமே' என்று பொருள். 'எல்லாக் காலத்திலும் சிறந்தது' என்ற பட்டியல்களின் உச்சியில் அவள் பெயர் அரிதாகத்தான் வருகிறது. அவளோடு ஓடியவர்கள் பலவீனமானவர்கள் என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

தமிழாசிரியைக்குக் குதிரையில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு ஆர்வம் குதிரையில் இல்லை, ஒப்பிடுகிறவர்களில். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இருவரை ஒரே கோட்டில் நிறுத்தி ஒருவரைப் பெரியவர் என்று சொல்வது நியாயமா என்ற கேள்வி பெண்களுக்குப் பழக்கமானது. 'உங்க ஆயா எட்டுப் புள்ளை பெத்து, நாத்தும் நட்டு, வீட்டையும் பார்த்தா. நீ ரெண்டை வச்சிக்கிட்டு அலுத்துக்கிற' என்ற வாக்கியத்தைக் கேட்காத பெண் அரியாங்குப்பத்தில் இருக்க மாட்டாள். அது காலம் கடந்த ஒப்பீடுதான். பந்தயத் திடலில் இந்த வேலையை ஒளிவுமறைவில்லாமல், எண் போட்டுச் செய்கிறார்கள். அளவுகோல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அங்கே நன்றாகப் பார்க்க முடிகிறது.

ஒரு சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொல்காப்பிய மரபியல் குதிரையின் பெண்ணுக்குப் 'பெட்டை' என்ற பெயரை உரிமையாக்குகிறது. ஒட்டகம், கழுதை, மரை ஆகியவற்றுக்கும் அதே பெயர்தான். அங்கே அது இழிசொல் இல்லை, மரபுப் பெயர். தெருவில் அந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பது வாசகருக்குத் தெரியும். பெட்டை என்றே எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் பெண்குதிரை என்று எழுதுகிறேன். சொல்லை மீட்பது ஒரு கட்டுரையில் முடிகிற காரியம் இல்லை.

முதல் அளவுகோல் கடிகாரம். 1973 ஜூன் 9 அன்று நியூயார்க் பெல்மாண்ட் திடலில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, அடுத்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டான் செக்ரட்டேரியட். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அந்தப் பந்தயத்தில் அந்த நேரத்தை யாரும் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் முன்னவரை வெல்வார்கள் என்ற நம்பிக்கை குதிரைகளிடம் அவ்வளவாகச் செல்லாது. ஆனால் கடிகாரமும் மனிதக் கையில்தான் இருக்கிறது. அதே ஆண்டு பிரீக்னெஸ் பந்தயத்தில் கருவி பிசகியது. செக்ரட்டேரியட்டின் நேரம் தவறாகவே பதிவானது. 39 ஆண்டுகள் சண்டை போட்டு, 2012இல்தான் அது 1 நிமிடம் 53 விநாடி என்று திருத்தப்பட்டது. திருத்தக் கோரியவர்களில் முக்கியமானவர் குதிரையின் உரிமையாளர் பென்னி செனரி. நான்கு பிள்ளைகளின் தாய், இல்லத்தரசி. தந்தை நோயில் விழுந்தபோது நட்டத்தில் இருந்த பண்ணையை விற்றுவிடலாம் என்று உடன்பிறந்தவர்கள் சொன்னதை மறுத்து எடுத்து நடத்தியவர். திருத்தம் வந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது.

அளவுகோலையே பின்னோக்கி மாற்றுவதும் உண்டு. 2013 ஜனவரியில் சர்வதேசக் குதிரைத் தரவரிசைக்காரர்கள் ஃபிராங்கெலுக்கு 140 என்று மதிப்பெண் கொடுத்தார்கள். 14 ஓட்டங்களில் 14 வெற்றி பெற்றவன். ஆனால் 1986இல் டான்சிங் பிரேவ் பெற்றிருந்தது 141. அந்தப் பழைய மதிப்பெண்களை மறுஅளவீடு செய்கிறோம் என்று டான்சிங் பிரேவை 138க்கு இறக்கினார்கள். அவன் செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் சொன்ன காரணம் புள்ளியியல்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் செத்தவனின் ஓட்டத்தைக் குறைப்பது எவ்வளவு எளிது என்று எனக்குத் தோன்றியது. 'அந்தக் காலத்துல இதெல்லாம் பெரிய படிப்பா' என்று நம் அம்மாக்களின் எஸ்.எஸ்.எல்.சி.யை இறக்குவதும் இதே கைதான்.

எங்கள் ஊருக்கு இந்த விவகாரம் புதிதில்லை. அரிக்கமேடு எங்கள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெட்சோ பகுதிச் சிவப்பு மண்பாண்ட ஓடுகளைக் கொண்டு காலம் கணித்தார். ரோமானிய ஓட்டின் வயது தெரியும். அதோடு கிடந்த நம் ஓட்டுக்கும் அதே வயது. முறையாக நல்ல முறைதான். ஆனால் ரோமானியர் வந்தபோதுதான் இந்த ஊருக்கு வாழ்வு வந்தது என்ற தோற்றத்தை அது தந்துவிட்டது. 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழ்ந்த விமலா பெக்லி, ரோமானியருக்கு முன்னும் பின்னும் அந்த இடத்துக்கு நீண்ட வாழ்வு இருந்தது என்று காட்டினார். வீலரின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். விமலா பெக்லியை என் வகுப்பில் ஆண்டுக்கு ஒருத்திகூடக் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது அளவுகோல் எடை. என் மாணவிகளைப் பிளவுபடுத்துவது இதுதான். பெரும் பந்தயங்களில் பெண்குதிரைக்கு எடைச் சலுகை உண்டு. கென்டக்கி டெர்பியில் ஆண்குதிரை 126 பவுண்டு சுமந்தால் பெண்குதிரை 121. ஐரோப்பாவில் பொதுவாக 3 பவுண்டு வித்தியாசம். 'அப்ப ஜெயிச்சா அது முழு ஜெயிப்பு இல்லையே' என்பாள் ஒருத்தி. 'சராசரியைப் பார்த்துக் கொடுக்கிறதை ஒருத்தி தலையில ஏன் எழுதணும்' என்பாள் இன்னொருத்தி. நான் இரண்டாமவள் பக்கம். சலுகை ஓர் இனத்தின் சராசரிக்குக் கொடுக்கப்படுகிறது. கணக்கில் கழிக்கப்படுவது மட்டும் தனி ஒருத்தியின் பெயரில். கென்டக்கி டெர்பியை 1915இல் ரிக்ரெட், 1980இல் ஜெனுவின் ரிஸ்க், 1988இல் வின்னிங் கலர்ஸ் என மூன்று பெண்குதிரைகளே வென்றிருக்கிறார்கள். அந்தப் பந்தயத்துக்கு அனுப்பப்பட்ட பெண்குதிரைகளே மிகச் சிலர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எடையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஹேண்டிகேப். நன்றாக ஓடுகிற குதிரைக்குச் சேணத்தில் ஈயம் சேர்த்துக்கொண்டே போவார்கள், எல்லோரும் ஒன்றாக வந்து முடிக்கிற மாதிரி. ஃபார் லாப் 1930இல் 138 பவுண்டு சுமந்து மெல்போர்ன் கோப்பையை வென்றான். மறு ஆண்டு 150 ஏற்றினார்கள்; எட்டாவதாக வந்தான். நன்றாகச் செய்கிறவள் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது எங்கள் கல்லூரித் துறைகளிலும் கூட்டுக் குடும்ப அடுப்படியிலும் நடக்கிறதே என்று அதைப் படித்தபோது நினைத்தேன். ஒரு வித்தியாசம் உண்டு. திடலில் எத்தனை பவுண்டு என்று எழுதி ஒட்டுகிறார்கள். எங்கள் ஆயா எத்தனை பவுண்டோடு ஓடினாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அவளை வைத்து எங்களை அடிக்க முடியாது, எங்களை வைத்து அவளையும்.

பெண்ணைக் குதிரையோடு ஒப்பிட்டே எழுதிப் போவதில் எனக்குச் சங்கடம் உண்டு. ஆனால் 1975இல் அதை ஊரறியச் செய்துவிட்டார்கள். பத்து ஓட்டங்களில் பத்து வென்ற ரஃபியன் என்ற கறுப்புப் பெண்குதிரையையும், அந்த ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற ஃபூலிஷ் பிளெஷரையும் ஜூலை 6 அன்று பெல்மாண்டில் இருவர் மட்டும் ஓடுகிற பந்தயத்தில் விட்டார்கள். டென்னிஸில் பில்லி ஜீன் கிங் பாபி ரிக்ஸை வென்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதனால் ஆணா பெண்ணா என்றே விளம்பரம். முதல் அரை மைலுக்குள் ரஃபியனின் வலது முன்காலில் எலும்பு உடைந்தது. அவள் நிற்கவில்லை, ஜாக்கி நிறுத்தப் பார்த்தும் உடைந்த காலோடு ஓடினாள். இரவு அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ஓடுகிற மாதிரியே காலை உதைத்துக் கட்டையெல்லாம் சிதைத்தாள். கொன்றுவிட்டார்கள். அந்தத் திடலிலேயே புதைத்தார்கள்.

அன்று அவள் எதை நிரூபித்திருக்க வேண்டும்? அவள் வென்றிருந்தால் பெண்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? கிங்குக்கு அது தெரியும். சம்பளம், பரிசுத்தொகை என்று அவர் கேட்ட கணக்கு இருந்தது. ரஃபியனிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பிடப்படச் சம்மதித்தவரை ஒப்பிடுவதும், சம்மதமே கேட்கப்படாதவரை ஒப்பிடுவதும் எனக்கு ஒன்றில்லை.

பணம் கட்டியவர்களிடமும் ஒரு அளவுகோல் இருந்தது. கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்ததாகச் சொல்வார்கள். 1974இல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு ஒழித்தது; வழக்கு நீண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் இது திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் திடல் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் பெரியப்பா ஆலைத் தொழிலாளி; சனிக்கிழமை மெட்ராஸ் பஸ் ஏறுவார். பெரியம்மாவின் காப்பு, அட்டிகை, கடைசியில் ஒற்றை மூக்குத்தி அந்தப் பஸ்ஸில் போயின. வம்சாவளி பார்த்துக் கட்டுவது பெரிய திறமை என்பார். பெரியம்மா ஒருமுறை, 'குதிரைக்கு அப்பன் பேரு, பாட்டன் பேரு எல்லாம் சொல்றாரு, எங்க அம்மா பேரைக் கேளு, தெரியாது' என்றார்.

பெரியம்மா அறியாமலே வம்சாவளியின் நடுநரம்பைத் தொட்டுவிட்டார். உலகின் எல்லாத் தரோபிரெட் குதிரைகளும் டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன், பயர்லி டர்க் என்ற மூன்று ஆண்குதிரைகளிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். டப்ளின் ஆய்வாளர்கள் 2001இல் மரபணுவும் வம்சாவளியும் பார்த்து எழுதினார்கள்: தந்தைவழியில் 95 விழுக்காடு ஒரே ஆண்குதிரைக்குப் போகிறது, தாய்வழியில் 72 விழுக்காடு பத்துப் பெண்குதிரைகளுக்கு. அந்தப் பெண்களுக்கு என்ன பெயர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூஸ் லோ தாய்வழிகளுக்கு எண் போட்டார். முதல் எண், டிரெகான்வெல்லின் பார்ப் குதிரை. இரண்டாவது, பர்ட்டனின் பார்ப் குதிரை. அதாவது உடையவர் பெயரும் ஊர்ச்சாதியும். மூன்றாவதற்கு அதுவும் இல்லை: 'ட்ரூ புளூ இருவரின் தாய்'. இரண்டு மகன்கள் ஓடினார்கள், அதனால் ஏட்டில் ஏறினாள்.

ஓடி முடித்த பின்னும் கணக்கு அப்படித்தான். செயற்கைக் கருவூட்டல் தரோபிரெட்டுக்கு விலக்கு. ஆனாலும் ஓர் ஆண்குதிரை ஒரு பருவத்தில் நூறு பெண்குதிரைகளுக்குமேல் சேர்க்கப்படலாம். பெண்ணோ பதினோரு மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டி. செக்ரட்டேரியட்டின் மகன்கள் எதிர்பார்த்த அளவு சோபிக்கவில்லை. மகள்கள் பெற்றவை சோபித்தன. அதற்காக 1992இல் முதலிடம் பெற்ற 'தாய்க்குதிரைகளின் தந்தை' என்று அவனையே பட்டியலிட்டார்கள். மகள்கள் பெற்றார்கள், பெயர் அப்பாவுக்கு.

ஔவையாரா வெள்ளிவீதியாரா ஆண்டாளா என்று கருத்தரங்குக்குத் தலைப்புக் கேட்கும் மாணவிகளிடம் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. ஔவையார் ஒருவர் அல்லர். சங்க காலத்தவரும், நீதிநூல் செய்த பிற்காலத்தவரும் ஒரே கிழவியின் உருவத்தில் குவிக்கப்பட்டிருக்கிறார்கள். கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் அப்படி யாரும் ஒன்றாகக் கட்டவில்லை. ஒப்பிடுவதற்கு முன்னால் ஆளைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

போன ஆண்டு முதுகலை வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன்: அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று எத்தனை பெயர் தெரியுமோ எழுதிவாருங்கள். பெரும்பாலும் மூன்றில் நின்றன. நான்காவதில் 'கடலூர்க்காரம்மா', 'மூத்தவள்' என்று வந்தது. ஒருத்தி மட்டும் ஐந்து எழுதியிருந்தாள். வீட்டில் பென்ஷன் விவகாரத்துக்காக எடுத்து வைத்திருந்த பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பிறப்புப் பதிவின் நகலில், குழந்தையின் தந்தை பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரும் இருந்ததாம். எழுத்து மங்கியிருந்தது. முனியம்மாவா மணியம்மாவா என்று தெரியவில்லை அம்மா, ரெண்டையும் எழுதிட்டேன் என்றாள்.