கூலியும் கொடையும்: துறைமுக வழிகாட்டியை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

காலையிற் கொழும்புத் துறைமுகத்தை வந்தடையும் உல்லாசப் பிரயாணக் கப்பல் பெரும்பாலும் அன்று மாலையிலோ இரவிலோ மீண்டும் கடலுக்குச் சென்றுவிடுகின்றது. இடைப்பட்ட எட்டு அல்லது பத்து மணித்தியாலங்களே அதிலிருந்து இறங்குவோர்க்கு இலங்கையைக் காண்பதற்குக் கிடைக்கும் காலமாகும். அவர்களுட் பலர் கப்பல் நிறுவனம் ஒழுங்குசெய்த பேருந்துகளில் ஏறிச் செல்வர். வேறு சிலர், முன்னரே தொடர்புகொண்ட அல்லது துறைமுக வாயிலிற் கண்டு பேசிக்கொண்ட தனிப்பட்ட வழிகாட்டி ஒருவருடன் புறப்படுவர். மாலையில் வாயிலுக்குத் திரும்பியதும் பேசிய கூலி கைமாறுகின்றது. அதன்மேல் மடித்த தாளொன்று வழிகாட்டியின் கைக்குள் வைக்கப்படுகின்றது. பிரயாணி கப்பலேறுகின்றார்; வழிகாட்டி வீடு திரும்புகின்றார். இருவரும் மீண்டும் சந்திப்பதற்கான வாய்ப்பு அநேகமாக இல்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வினவலாம். ஆயின், அந்த மடித்த தாள் யாது என்னும் வினாவுக்கு விடை கூற முற்படும்போதே சிக்கல் தோன்றிவிடுகின்றது. அது கூலியன்று, கூலி முன்னரே பேசி முடிக்கப்பட்டது. அது நட்பின் பரிசுமன்று. நட்பு ஒரு பகலில் முளைத்து அன்றே மறைவதில்லை. அதனைப் பிச்சையென்று கொடுப்பவரும் கூறார், பெறுபவரும் ஏற்கார். நம்மவர் வழக்கிலுள்ள சொற்களே இத்தடுமாற்றத்தைப் புலப்படுத்துகின்றன. ‘இனாம்’ என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். ஆள்வோர் மனமுவந்து வழங்கிய நிலமானியத்தையும் அது குறித்தது. மேலோர் கீழோர்க்கு அளிப்பது என்னும் பொருட்சாயல் அதில் இன்றும் படிந்துள்ளது. இலங்கைப் பேச்சுவழக்கிலுள்ள ‘சந்தோசம்’ என்னும் சொல்லோ கொடுப்பவரின் மனநிலையையே பொருளின் பெயராக்கிவிடுகின்றது. மகிழ்ந்தால் கொடுப்பார், மகிழாவிடிற் கொடார் என்பது அதன் உட்கிடை. பெறுபவர் செய்த வேலை அச்சொல்லில் இடம்பெறவில்லை.

இனி, சந்தோசம் கொடுத்தலை ஆராயுமுன் வழிகாட்டியைத் தெரிவுசெய்தலை நோக்குதல் வேண்டும். முன்னையதன் அறத்தன்மை பின்னையதிலேயே பெருமளவு தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

கப்பல் நிறுவனத்தின் பேருந்திற் செல்வோர் தாமதித்துத் திரும்பினால் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கும். தனியே சென்றோர்க்காகக் காத்திராது. இது அத்தொழிலின் பொதுவான நடைமுறையாகும். ஆகவே தனிப்பட்ட வழிகாட்டியைத் தெரிவுசெய்பவர் தமது பயணத்தின் பாதுகாப்பையே முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கின்றார். கண்டி கொழும்பிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. தெருவின் நெருக்கடியையும் கருதின், போவதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும், திரும்புவதற்கும் அவ்வாறே. காலியும் அதேயளவு தூரமெனினும், தெற்கு அதிவேகப் பாதை 2011இல் திறக்கப்பட்ட பின்னர் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அதனை அடைதல் இயலும். இந்நிலையில், ‘தலதா மாளிகையை இன்றே பார்த்துவிட்டு வரலாம்’ என உறுதி கூறும் வழிகாட்டியும், ‘இந்த நேரத்திற்குள் கண்டி போவது ஆபத்து, காலிக்கோ நீர்கொழும்புக்கோ போகலாம்’ எனக் கூறும் வழிகாட்டியும் வாயிலில் அருகருகே நிற்கக்கூடும். முன்னவர் கேட்பவரின் விருப்பத்தைக் கூறுகின்றார். பின்னவர் உண்மையைக் கூறுகின்றார். பின்னவர் பெரிய கூலியொன்றை இழக்கும் வாய்ப்பை அறிந்தே அவ்வாறு கூறுகின்றார். வழிகாட்டி என்பவரிடம் விலைக்குப் பெறப்படுவது வாகனமும் மொழியறிவும் மாத்திரமல்ல. தனக்கு நட்டமாயினும் பிறர்க்கு உண்மை கூறும் நேர்மையுமாகும்.

இந்நேர்மையைக் கண்டறிவதற்கான புறச்சான்றுகள் சில உள. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க உல்லாசப் பிரயாணச் சட்டத்தின் கீழ் அமைந்த அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என அவர்கள் வகுக்கப்பட்டுள்ளனர். அனுமதிப்பத்திரம் பயிற்சிக்குச் சான்றாகும்; குணத்திற்கு முழுச் சான்றாகாது. எனவே முன்னர் வந்துசென்றோர் எழுதிவைத்த பாராட்டுரைகளும் கண்டனங்களும் இன்று தெரிவுக்குத் துணையாகின்றன. மீண்டும் சந்திப்போம் என்னும் எதிர்பார்ப்பே மனிதரிடையே ஒத்துழைப்பை வளர்க்கின்றது என றொபேட் அக்சல்றொட் 1984இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பாராட்டுரைகள் அந்த எதிர்பார்ப்பை வேறொரு வகையில் உருவாக்குகின்றன. இன்றைய பிரயாணியை ஏமாற்றுபவர் நாளைய பிரயாணியை இழப்பார். ஆயின் இதில் ஓர் ஏற்றத்தாழ்வு மறைந்துள்ளது. வழிகாட்டியின் நடத்தை உலகறியப் பதிவாகின்றது. நாள் முழுவதும் அலைக்கழித்துவிட்டுப் பேசிய கூலியிற் குறைத்துக் கொடுத்த பிரயாணியின் நடத்தை எங்கும் பதிவாவதில்லை. தீர்ப்புக் கூறும் உரிமை ஒரு பக்கத்தார்க்கே உண்டு. அவ்வுரிமையின் மற்றொரு வடிவமே சந்தோசம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் தெளிவாக்கலாம். ஒரு நாட் பயணத்துக்கு வழிகாட்டி 60 டொலர் கேட்கின்றார் எனவும், அது நியாயமான தொகையே எனவும் கொள்ளலாம். முதலாமவர் பேரம்பேசாது அதற்கு இசைந்து மாலையில் 60 டொலரைக் கொடுக்கின்றார். இரண்டாமவர் பேரம்பேசி அதனை 40 ஆகக் குறைத்து, மாலையில் மனமகிழ்ந்து மேலும் 20 டொலரைச் சந்தோசமாகக் கொடுக்கின்றார். வழிகாட்டியின் கைக்கு வந்த தொகை இரு நாளிலும் ஒன்றே. இரண்டாமவரே தாராள மனத்தினர் எனவும் பேசப்படுவர். உண்மையில், முதலாமவரிடம் 60 டொலரும் வழிகாட்டியின் உரிமையாக இருந்தது. இரண்டாமவரிடம் அதில் மூன்றிலொரு பங்கு பிரயாணியின் கருணையாக மாற்றப்பட்டுவிட்டது. உரிமையாக வரவேண்டியதை எடுத்துக்கொண்டு அதையே கொடையாகத் திருப்பிக் கொடுப்பவர் எதனையும் கொடுத்தவராகார். அன்றியும், காலை முதல் மாலை வரை அந்த 20 டொலர் வருமோ வராதோ என்ற ஐயத்தில் ஒரு மனிதரை வைத்திருந்த குற்றமும் அவரைச் சாரும்.

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற், 1797இல் வெளிவந்த தமது ஒழுக்கங்களின் மெய்யியல் என்னும் நூலில் இதனோடு ஒத்த கருத்தொன்றைக் கூறினார். செல்வர் பிறர்க்கு உதவும் வசதியைப் பெற்றிருப்பதே பெரும்பாலும் சமூகத்தின் அநீதியான ஒழுங்குகளால் விளைந்தது. அவ்வாறாயின் அவ்வுதவியை எந்த அளவுக்குக் கொடையெனப் பெருமைப்படுத்தலாம் என்பது அவர் எழுப்பிய வினா. உதவுவோர் பெறுபவரைத் தாழ்வுணர்ச்சிக்கு உள்ளாக்காது, தமது கடனைச் செலுத்துபவர் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய ஆய்வு வேறொரு வழியால் இதே இடத்தை அடைகின்றது. திருப்பிக் கொடுக்க இயலாத கொடை பெறுபவரைக் கீழ்நிலைப்படுத்துகின்றது என்பது அவ்வாய்விற் புலப்படும் உண்மைகளுள் ஒன்று. மாலையிற் கப்பலேறிவிடும் ஒருவர்க்கு எதையும் திருப்பிக் கொடுத்தல் இயலாது. சிரிப்பும் பணிவுமே வழிகாட்டி உடனே திருப்பிக் கொடுக்கக்கூடியவை. அவை வழக்கமாகிவிடின் தொழிலின் ஒரு பகுதியாகின்றன.

பணிவோடு இது நின்றுவிடுவதில்லை. வழிகாட்டியின் சொல்லையும் இது பாதிக்கின்றது. இங்கேதான் பிரச்சினை ஆழமடைகின்றது. 2023 யூன் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த பயணக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தைக் காண வரும் ஒருவர், வெண்ணிறப் பொது நூலகத்தின் முன் நின்று அதன் வரலாற்றைக் கேட்கக்கூடும். அது 1981இல் எரிக்கப்பட்டது என்பதை வழிகாட்டி எவ்வாறு கூறுவார்? கொழும்பில் துறைமுகத்திற்கு அண்மையிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தின் முன், 2019 உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்ததை எவ்வாறு கூறுவார்? விடுமுறையிற் களிக்க வந்தவர்க்கு மனச்சுமை தரும் செய்தி மகிழ்ச்சியளிப்பதில்லை. நாட்கூலி நிறைவாக இருப்பின் வழிகாட்டி உண்மையை உண்மையாகக் கூறலாம். வீட்டுச் செலவு மாலைநேர மகிழ்ச்சியைச் சார்ந்திருப்பின், நூலகம் ‘அழகான கட்டடம்’ ஆகிவிடும். ஆலயம் ‘பழமையான ஆலயம்’ ஆகிவிடும். ஒரு நாடு தன்னைப் பற்றி அயலார்க்குக் கூறும் சொல் இவ்வாறு சில டொலர்களுக்குள் சுருங்கிவிடுகின்றது. இதற்கு வழிகாட்டியை மாத்திரம் குறைகூறுதல் பொருந்தாது.

பேரத்தாற் குறைந்த கூலியை ஈடுசெய்வதற்கு வேறொரு வழியும் உண்டு. மாணிக்கக் கடைக்கோ வாசனைத் திரவியத் தோட்டத்துக்கோ பிரயாணியை அழைத்துச் சென்று, விற்பனையில் ஒரு பங்கைக் கொமிஷனாகப் பெறுதலே அது. தமிழிலக்கியத்தில் வழிகாட்டுதல் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படைகளாகும். புலவனையோ பாணனையோ கூத்தனையோ வள்ளலிடம் ஆற்றுப்படுத்துபவன், தான் பெற்ற பயனைக் கூறி, செல்லும் வழியின் இயல்பையும் உரைக்கின்றான். வருபவன் பெறும் பரிசிலில் அவனுக்குப் பங்கில்லை. ஆதலால் அவன் சொல்லில் ஐயங்கொள்ள இடமில்லை. கொமிஷன் பெறும் வழிகாட்டியின் நிலை இதற்கு நேர்மாறானது. ‘இந்தக் கடையே நல்லது’ என்னும் அவர் சொல் அறிவுரையா விற்பனையா என்பதைக் கேட்பவர் அறிய வழியில்லை. பழைய ஆற்றுப்படுத்துவோனைப் போலக் கூலியின்றி உழைக்குமாறு இன்றைய தொழிலாளியைக் கேட்பது அநீதி. சேருமிடத்திலிருந்து இலாபம் பெறாதவாறு அவரது கூலியை நிறைவாக்குவதே செய்யக்கூடியது.

அவ்வாறாயின் சந்தோசம் கொடுக்கும் வழக்கத்தையே ஒழித்துவிடலாமா? ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1909இல் அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. 1913இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதே நாட்டில், சந்தோசம் பெறும் தொழிலாளர்க்கு முதலாளி கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த மணிக்கூலி 1991இல் 2.13 டொலராக மத்திய சட்டத்தில் நிர்ணயிக்கப்பட்டு, முப்பதாண்டுகளுக்கு மேலாக உயர்த்தப்படாதிருந்தது. சந்தோசத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் இதிலிருந்து, ‘கொள்கையளவிற் சந்தோசம் தவறு, ஆகவே நான் கொடேன்’ என்னும் முடிவுக்கு வரும் பிரயாணி பெருந்தவறு செய்கின்றார். அவரது கொள்கைக்கான விலையை வழிகாட்டியே செலுத்த நேரிடுகின்றது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் இலங்கைக்கு வந்தனர். 2020இல் அத்தொகை 5 இலட்சமளவிற் குறைந்தது. 2021இல் 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. பிரயாணிக்கு ஐந்து டொலர் ஐந்து டொலராகவே இருந்தது. வழிகாட்டியின் வீட்டிலோ அது ஆயிரம் ரூபாவாகவும் பின்னர் ஆயிரத்தெண்ணூறாகவும் ஆனது. ஆண்டுக்காண்டு இவ்வாறு அலைவுறும் வாழ்வில் அத்தாளை எதிர்பார்ப்பவரை இகழ்வது எளிது; அவ்வெதிர்பார்ப்பைத் தேவையற்றதாக்குவதே கடினம்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இல்லாதவர்க்குக் கொடுத்தலை ஈகையென வள்ளுவர் வேறுபடுத்துகின்றார். சமூகத்தில் ஒருவர்க்கொருவர் செய்யவேண்டியதை அறிந்து செய்தல் ஒப்புரவாகும். வழிகாட்டிக்கும் பிரயாணிக்கும் உரிய உறவு முதலில் ஒப்புரவின்பாற்பட்டது. அதனை ஈகையாக மாற்றும்போது, உழைத்தவர் இரப்பவராகின்றார்.

ஒப்புரவு நிறைந்தபின்னும் ஒன்று எஞ்சலாம். மழையில் நனைந்து முதியவரொருவரைக் கைபிடித்துப் படியேற்றியமை, பிள்ளைகளின் கேள்விகளுக்குச் சலியாது விடைகூறியமை, கண்டி வேண்டாமென நேர்மையாகத் தடுத்தமை ஆகியவை ஒப்பந்தத்துள் அடங்காதவை. இவற்றுக்குப் பேரம் பேசவும் இயலாது. விலை குறிக்கவும் இயலாது. ‘இது என் நன்றி’ எனக் கண்ணைப் பார்த்துக் கூறிக் கொடுக்கப்படும் பணம் அங்கே நன்றியின் அடையாளமாகின்றது. இனி ஒருபோதும் செல்லாத ஊரின் உணவகத்திலும் மனிதர் ஏன் சந்தோசம் கொடுக்கின்றனர் என்பது பொருளியலாளர் றொபேட் பிராங்க் 1988இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த புதிர்களுள் ஒன்று. பயன் எதிர்பாராத இடத்திலும் கடப்பாட்டை உணரும் இயல்பு மனிதரிடம் உண்டு என்பதே அதிலிருந்து பெறத்தக்கது. அவ்வியல்பு போற்றுதற்குரியது. அது தூய்மையாக வெளிப்படுவதற்குக் கூலிக் கணக்கு முன்னரே தீர்ந்திருத்தல் வேண்டும்.

எனவே பிரயாணியின் அறம் மாலையிற் பணப்பையைத் திறக்கும்போது தொடங்குவதில்லை. காலையில் வழிகாட்டி தொகையைக் கூறும்போது, அது ஒரு மனிதரின் ஒரு நாளுக்குத் தகுமா என எண்ணிப் பார்ப்பதிலும், கடைகளுக்குச் செல்லவேண்டியதில்லை என முன்னரே சொல்லி அதற்கீடாகக் கூலியைக் கூட்டுவதிலும், கசப்பான விடையையும் கேட்க விருப்பம் தெரிவிப்பதிலும் அது தொடங்குகின்றது. அவ்வாறு தொடங்கிய நாளின் முடிவில் அந்த மடித்த தாள் கொடுக்கப்பட்டாலும் கொடுக்கப்படாவிட்டாலும், துறைமுக வாயிலில் இருவர் சமமானவர்களாகவே பிரிந்து செல்வர்.