பெயரும் விலாசமும்

1964 ஆகஸ்ட் 22. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் சாட்சி சொல்ல உட்கார்ந்தார் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியில் விளைச்சலில் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தின் இருபதாவது பிள்ளை. முதலில் தன் பெயரைச் சொன்னார், 'திருமதி' சேர்த்து. அடுத்து வீட்டு எண், தெரு, ஊர்.

இதை லேசாகக் கடந்துவிட முடியவில்லை. அந்த மாநிலத்து வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்ணை எத்தனை வயதானாலும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். விலாசமோ உயிரோடு விளையாடுகிற காரியம். வாக்காளராகப் பதியப் போன குற்றத்துக்காக, 1962இல் அவரைக் குறிவைத்து ஒரு வீட்டுக்குள் 16 குண்டுகள் பாய்ந்திருந்தன.

பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னார். பதியப் போய்த் திரும்பிய பேருந்தை மறித்து, அதன் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர்மேல் வழக்குப் போட்டார்கள். பதினெட்டு வருஷம் உழைத்த தோட்டத்தின் முதலாளி, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார். உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு அன்றிரவே வெளியேறினார். 1963இல் கைதாகி வினோனா ஊர்ச் சிறையில் இருந்தபோது, காவலர்கள் கறுப்பினக் கைதிகள் இருவரின் கையில் தடியைக் கொடுத்து அவரை அடிக்க வைத்தார்கள். அடிபடும்போது விலகிய உடையை இழுத்து மூடினார். அங்கிருந்த வெள்ளையர் ஒருவர் அதை மறுபடி மேலே தூக்கினார்.

இதையும் கேமராக்களுக்கு முன்னால் சொன்னார். தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வரும் பெண்ணின் தொண்டையை இன்றும் அடைப்பது பயத்தைவிட வெட்கம்தான். செய்தவனுக்குச் சேர வேண்டிய வெட்கத்தைப் பட்டவள் சுமக்கிறாள். ஹேமர் அதைச் சுமக்க மறுத்தார். அந்தப் பேச்சில் அலங்காரம் தேடினால் கிடைக்காது. அறுபது வருஷம் கழித்தும் அது கனப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். நேரலை அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் இரவுச் செய்தியில் அந்தச் சாட்சியம் நாடெங்கும் ஒலித்தது. மாநாட்டில் அவருடைய அணிக்குப் பிரதிநிதி இடம் கேட்டே அவர் வந்திருந்தார். கட்சி சமரசமாக இரண்டு இடம் மட்டும் தர முன்வந்தபோது, இரண்டு இடத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று மறுத்தார். அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968 மாநாட்டில் மிசிசிப்பியின் பிரதிநிதியாகவே போய் உட்கார்ந்தார்.

அன்று உரக்கச் சொன்ன அந்த ஊர் ரூல்வில். 1977இல் இறந்தபோது அங்கேதான் அவரைப் புதைத்தார்கள்.