வஸ்திரங்களைக் காத்தவன்



இந்த மாதம் செய்திக்கு முன்னால் என்னுடைய பாவ அறிக்கை. நம்முடைய வாலிபர் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 43 பேர். போதகர் என்ற முறையில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிகிற நாளில் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் சாட்சி சொன்னான். அவனுக்குக் கொஞ்சம் திக்கும். வாய் திறந்தபடி வார்த்தை வராமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை யாரோ போனில் பிடித்து, ஸ்டிக்கராக்கி, குரூப்பில் போட்டுவிட்டார்கள். பிறகு இரண்டு வாரம் எதற்கெடுத்தாலும் அந்த முகம்தான். ஜெப நேரத்தை மாற்றினாலும் அந்த முகம், யாராவது பதில் போடத் தாமதித்தாலும் அந்த முகம். கீழே வரிசையாய் சிரிக்கிற பொம்மைகள்.

நான் பார்த்தேன். "பிள்ளைங்க விளையாட்டுதானே" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போனேன். ஆம் பிரியமானவர்களே, உபவாச ஜெபத்துக்கு!

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. அவன் தாயார் வந்து, "ஐயா, தம்பி சரியா சாப்பிட மாட்டேங்கிறான், பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டேங்கிறான்" என்று அழுதார்கள். வீட்டுக்குப் போனேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவன் கடைசியில் கேட்டான்: "செஞ்சவனை விடுங்க ஐயா. நீங்களும் அந்த குரூப்ல இருந்தீங்கல்ல?"

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆவியானவர் என்னை அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரத்துக்குக் கொண்டுபோனார். ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் தங்கள் மேல்வஸ்திரங்களைக் கழற்றி சவுல் என்னும் வாலிபனின் பாதத்தருகே வைத்தார்கள். சவுல் ஒரு கல்லையும் எறிந்ததாக வேதம் சொல்லவில்லை. துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். ஆனால் வருஷங்கள் கழித்து, 22ஆம் அதிகாரத்தில் பவுலாகப் பேசும்போது, 'நான் சும்மாதான் நின்றேன்' என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. ஸ்தேவானின் இரத்தம் சிந்தப்பட்டபோது அருகே நின்று, சம்மதித்து, துணிகளைக் காத்தவன் நானே என்று ஆண்டவரிடமே ஒத்துக்கொள்ளுகிறார். நம்முடைய குரூப்பில் கல்லெறிந்தவன் ஒருவன். வஸ்திரங்களைக் காத்தவர்கள் நாற்பது பேர். அதில் மூத்தவன் நான்.

இந்தப் பாரத்தோடு இருக்கும்போதுதான் நம் ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் கடிதத்தோடு வந்தார்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, இன்டர்நெட்டில் பத்திரமாகவும் பிறரை நோகடிக்காமலும் இருப்பது எப்படி என்று மூன்று சனிக்கிழமை வகுப்பு. அதற்கு நம் சபை மண்டபம் வேண்டும் என்றார்கள். பின்லாந்து தேசத்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டத்தைப் பற்றியும் சொன்னார்கள். 2009 முதல் அந்த தேசத்துப் பள்ளிகளில் பரவிய திட்டம் அது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் சீண்டும்போது சுற்றி நின்று பார்க்கிற பிள்ளைகளை எழுப்புவதே அதன் முக்கிய வேலையாம். வேடிக்கை பார்க்கிறவன் சிரிப்பதை நிறுத்தினால் சீண்டுகிறவனுக்கு ருசி போய்விடும் என்கிறார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்த இரவில் ஆண்டவர் என்னைக் கடிந்துகொண்ட அதே காரியமல்லவா!

மூப்பர்களில் இருவர், "உலகத்துக் காரியத்துக்கு ஆலயத்தைத் தரலாமா பாஸ்டர்? போனே பிசாசின் பெட்டி" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 1990களில் டிவி வாங்கின வீடுகளை மேடையிலேயே கண்டித்தவன் நான். இன்றைக்கு நம் ஆராதனையே யூடியூபில் போகிறது. பெட்டியைத் திட்டினோம், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாவை ஒரு சின்னத் தீப்பொறிக்கு ஒப்பிட்டார் யாக்கோபு. இப்போது அந்த நாவு கட்டைவிரலில் அல்லவா இருக்கிறது!

அந்த வகுப்பில் என்ன சொல்லுவார்கள்? பாதி நமக்கும் தெரியாத காரியங்கள்தான். யாராவது மிரட்டினால் பயந்துபோய் உடனே அழித்துவிடாமல், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் காட்ட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இலவசம், பிள்ளையே பேசலாம். மோசடியில் பணம் போனால் 1930. பிள்ளைகளின் ஆபாசப் படம் விளையாட்டுக்கான காரியமே அல்ல. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் அதைப் பரப்பினவனை மட்டுமல்ல, பரப்பும் எண்ணத்தோடு அழிக்காமல் வைத்திருப்பவனையும் தண்டிக்கிறது. வஸ்திரத்தைக் காக்கிறவனைச் சட்டமும் பார்க்கிறது, கவனியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு வாருங்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? "உனக்கெல்லாம் எதுக்கு போன்" என்று பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அடுத்த தடவை அது நம்மிடம் சொல்லாது. சொல்லாத பிள்ளைதான் மிரட்டுகிறவனுக்கு வேண்டியது. போனை வாங்கி வைப்பதா வேண்டாமா என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு அதைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதும் கேளுங்கள்.

ஸ்டிக்கர் செய்த தம்பி அவன் வீட்டுக்குப் போய், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். ஸ்தோத்திரம். ஆனால் குரூப்பில் அழித்தாலும், சேமித்து வைத்தவர்கள் போனில் அது அப்படியே இருக்கிறதாம். ஆகவே எல்லாரும் போனோடு வந்து என் முன்னால் அழியுங்கள் என்று கூப்பிட்டேன். 31 பேர் வந்தார்கள். முதலில் என் போனைத்தான் திறந்து காட்டினேன்.

மூப்பர்கள் ஜெபித்து மண்டபத்தைத் தரச் சம்மதித்துவிட்டார்கள். புரொஜெக்டர் வாடகைக்கும் பிள்ளைகளின் டீ, பிஸ்கட்டுக்கும் காணிக்கை தேவை. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் ஆராதனைக்குப் பின் வாசல் மேசையில் கிடைக்கும். இதுவரை ஒன்பது படிவங்களே வந்திருக்கின்றன.

இதை எழுத அந்தத் தம்பியிடம் அனுமதி கேட்டேன். "பேரைப் போடாதீங்க ஐயா, போதும்" என்றான். "சனிக்கிழமை வகுப்புக்கு வர்றியாப்பா?" என்று கேட்டேன்.

"அவங்களும் வர்றாங்களா ஐயா?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை படிவங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுகிறேன் என்றிருக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்