கஞ்சா எண்ணெய்: மருந்தா, மயக்கமா?



போன வருடம் செமஸ்டர் விடுமுறைக்குக் கேமரன் மலைக்கு வீடு திரும்பியபோது, பாட்டி கட்டிலை விட்டு எழவே இல்லை. ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது. இராத்திரியில் அவர் முனகுவது பக்கத்து வீடு வரை கேட்கும்.

அந்த வாரம் மாமா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, கஞ்சா எண்ணெய் கிடைக்குது. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு, வலி பறந்துரும். நீ படிச்சவன், அப்பாகிட்ட நீ சொன்னா கேப்பாரு."

உடனே 'வேணாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. நம் கண் முன்னால் ஒருவர் வலியில் துடிக்கும்போது, சட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தர்மமா? இரண்டு நாள் இதே யோசனைதான்.

கஞ்சாவில் மருந்தே இல்லை என்று சொன்னால் அது பொய். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964-இல் ரஃபேல் மெகூலம் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். போதை தராத சி.பி.டி.யிலிருந்து செய்த மருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது குழந்தைகளுக்கு வரும் இரண்டு வகைக் கடுமையான வலிப்பு நோய்களுக்கு. கீமோதெரபி வாந்திக்கும் கஞ்சா வகை மருந்து உண்டு. ஆனால் பாட்டிக்கு இருப்பது புற்றுநோய் வலி. அதற்காக நடந்த பெரிய சோதனைகளில் கஞ்சா மருந்து, வெறும் போலி மருந்தைவிடத் தெளிவாக மேல் என்று நிரூபிக்கவில்லை. மாமா சொன்ன 'பறந்துரும்' எங்கேயும் இல்லை.

நான் படிப்பது பொறியியல். ஒரு போல்ட் எவ்வளவு சுமை தாங்கும் என்று தெரியாமல் பாலத்தில் மாட்ட மாட்டோம். அந்தப் பாட்டிலில் லேபிள் கிடையாது. டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம், கூட வேறென்ன கலந்திருக்கு, யாருக்கும் தெரியாது. திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 95-ஆம் அதிகாரம் மருந்து. நடுவில் 94 சூது. லேபிள் இல்லாத பாட்டில் எனக்கு அந்த நடு அதிகாரமாகத்தான் பட்டது.

'உடம்பு வலிக்கு மருந்து' என்ற பேச்சு நம் தோட்டங்களுக்குப் புதுசும் இல்லை. தாத்தா சம்சு குடித்ததும் அப்படிச் சொல்லித்தான். மலைக் குளிர், நாள் முழுக்க வேலை, சாயந்திரம் ஒரு கிளாஸ். வலி நிஜம்தான். ஆனால் கல்லீரல் கெட்டு அவர் போனபோது அப்பாவுக்குப் பதினான்கு வயது.

ஹாஸ்டலில் பேச்சு வேற மாதிரி. "சிவனே அடிக்கிறாரு மச்சான், நமக்கென்ன?" காசியில் சிவராத்திரிக்குப் பாங்கு குடிக்கும் வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் தோட்டத்துக் கோயிலில் நாம் பார்த்தது நான்கு கால அபிஷேகமும் கண்விழிப்பும்தான். ஈசன் ஆலகால விஷத்தைக் குடித்தது மற்றவர்கள் பிழைக்க. நாம் சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடிக்குப் போவது எதற்கு? இன்னொரு நண்பன் "வலிப்பு வந்த பிள்ளைங்களுக்கே குடுக்கிறாங்க" என்கிறான். அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது போதை இல்லாத, அளந்த மருந்து. நோயாளியின் வலியை நம் ஆசைக்குக் கடன் வாங்குவது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. நமக்கோ மூளை வளர்ந்து முடியவே ஏறக்குறைய 25 வயது ஆகும். அதற்குள் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது, வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானம். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது, ஆனால் மரண தண்டனை நீங்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் 26-இல் சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார், சுமார் ஒரு கிலோ கஞ்சா வழக்கில். ஒரு செடிக்காக உயிரை எடுப்பது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. அதற்காக அந்தச் செடி நல்லது என்றும் ஆகிவிடாது.

முறையான வழியும் அடைக்கப்படவில்லை. பதிவு செய்த கஞ்சா மருந்தை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் பதில் தந்தார். குரல் கொடுப்பதென்றால் அந்தப் பக்கம் கொடுப்போம், நோயாளிகளுக்காக.

மாமாவிடம் "வேணாம் மாமா" என்றேன். பாட்டியை ஈப்போவுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் மார்ஃபின் திரவ மருந்து கொடுத்தார். பாட்டி பயந்து, "இதுவும் அபினிதானேய்யா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி, அதே செடிதான், ஆனா டாக்டர் அளந்து குடுக்கிறாரு என்றேன். நான்கு மணிக்கு ஒருமுறை, சிரிஞ்சில் உறிஞ்சி, கோடு பார்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

மார்ஃபினும் கேட்காமல் போயிருந்தால் அந்தப் பாட்டிலைத் தொட்டிருப்பேனா என்று சில ராத்திரி நினைப்பு வரும். தொட்டிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.