தீர்த்தம் காப்பது யார் கடன்?

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவது ஓர் ஊருக்குப் பெருஞ் சிறப்பாகும். மூர்த்தியையும் தலத்தையும் பேணுவதற்குத் திருப்பணிச் சபைகள் உண்டு. தீர்த்தத்தையும் அதற்கு ஊற்றாகிய நிலத்தடி நீரையும் பேணுவது யார் கடன்? ஊரில் வாழ்வோரதா, தூர தேசத்திலிருந்து பணம் அனுப்புவோரதா, அரசினதா? சிறு தீவுகளில் வாழும் மக்கள் இதற்கு விடை காணாது காலங் கடத்த முடியாது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு முதலிய தீவுகளில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே கிணறுகளுக்கு உயிர். நிலத்துள் இறங்கும் மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கி, தன்னிலும் பாரமான கடல்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியல் அறிஞர் கணக்கு. மேலே நீர்மட்டம் குறையக் குறையக் கீழிருந்து உவர்நீர் அதே கணக்கில் ஏறிவரும். ஒரு வீட்டார் இயந்திரம் பூட்டி அளவின்றி இறைத்தால் அயல்வீட்டுக் கிணறும் உவராகும். வேலி காணியைப் பிரிக்கும்; நிலத்தடி நீரைப் பிரிக்காது. ஆகவே கிணறு ஒருவருக்கு உரியதாயினும் அதிலுள்ள நீர் ஊருக்கு உரியதாகும்.

முன்னோர் வெட்டிய குளங்களும் கேணிகளும் மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாது மறித்து நிலத்துள் இறக்கின. 1990களின் தொடக்கத்தில் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபின் அவற்றுட் பல பராமரிப்பின்றித் தூர்ந்தன. இன்று குளம் ஓரிடத்திலும், அதன்மேல் பற்றுடையோர் பலர் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் பெக்கோ இயந்திரம் ஓரிரு நாளில் குளத்தைத் தோண்டிவிடும். ஆயினும் கரையோரக் குளத்தை அளவுக்கு மீறி ஆழமாக்கினால் அடியிலுள்ள உவர்நீர் மேலே வந்துவிடும். எந்த மட்டத்தில் நிறுத்தவேண்டும் என்பதை அந்நீரைக் குடித்து வளர்ந்த முதியவர் அறிவார். அவரைக் கேளாது செய்யும் தானம் கேடாகவும் முடியலாம்.

பெரியபுராணம் காட்டும் அடியார் இருவர் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கவர்கள். தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து குறுகியதைப் பொறாது, குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்து கொட்டினார். அப்பூதி அடிகள் நாயனார் தாம் அமைத்த சாலைக்கும் குளத்திற்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தமது பெயரை இடாது திருநாவுக்கரசு நாயனாரின் பெயரையே இட்டார். முன்னவர் இயலாமையைச் சாட்டாக்காது உழைத்தவர். பின்னவர் தம் பெயர் நிலைக்கவேண்டும் என்று கருதாது கொடுத்தவர். ஊரில் இருப்போருக்கு முன்னவரும், தூரத்தில் இருந்து உதவுவோருக்குப் பின்னவரும் வழிகாட்டிகள்.

இவ்விரு பண்பும் கூடினால் விளையும் நன்மையைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் அப்போ தீவில் காணலாம். ஒரு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த பரப்புடைய அத்தீவில் மீன்வளம் குன்றியபோது, ஏஞ்சல் அல்கலா என்னும் கடல்வள அறிஞர் மீனவரிடம் சென்று நிலைமையை எடுத்துரைத்தார். அதை ஏற்ற மீனவக் குடும்பங்கள் 1982 ஆம் ஆண்டில் தங்கள் பவளப்பாறையின் ஒரு சிறு பகுதியை மீன் பிடிக்காத இடமாக ஒதுக்கித் தாங்களே காவலும் இருந்தன. காலப்போக்கில் அவ்விடத்தில் மீன் பெருகியது. அறிவுரை வெளியிலிருந்து வந்தது. விட்டுக்கொடுக்கும் மனமோ அந்த ஊரவருடையது. அதனை எவரும் பணம் கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

ஊரில் எஞ்சியிருப்போரிற் பலர் முதியவர்கள். அவர்களிடம் உழைப்பைக் கேட்பது தகுமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கடன் எல்லோருக்கும் உண்டு, அளவு ஒன்றல்ல. இளையோர் புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன், ஒருநாள் சிரமதானத்தில் வாய்க்காலைத் துப்புரவாக்கலாம். முதியோர் ஆழமும் எல்லையும் சொல்லலாம். தோட்டஞ் செய்வோர் இறைப்பைக் குறைக்கலாம். உதவுவோர் முதலில் ஊரைக் கேட்டு, திறப்பு விழாவோடு நின்றுவிடாது ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

தீர்த்தத் திருவிழாவன்று இறைவன் நீராடும் கேணியில் அடியார்களும் மூழ்கிப் பாவம் நீங்கப் பெறுகின்றனர். அக்கேணிக்கு வரும் நீரையும் அயலவர் கிணற்றையும் உவராக்காது காப்பதும் அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே. இந்தக் கடனை அனைவரும் உணர்ந்து ஒழுக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.