பொய்க்கண்ணும் மெய்க்கண்ணும்



மழைக்காலத்தில் வீட்டுத் தோட்டங்கள் தழைக்கும்போது, பொன்மலை ரயில்வே குடியிருப்புகளிலும் திருவரங்கத்து இல்லங்களிலும் ஒரு வினா எழுவதுண்டு. "பூசைக்கென்று வளர்க்கும் நந்தியாவட்டையில் விரல் பருமனுள்ள பச்சைப் புழு இருக்கிறது, அதற்கு இரண்டு நீலக் கண்கள். திண்ணைச் சுவரில் உள்ளங்கை அகலப் பச்சைப் பூச்சி ஒன்று ஒட்டியிருக்கிறது. இவை நஞ்சுடையவையா? மருந்து அடிக்கலாமா?" என்பதே அது.

புழுவும் பூச்சியும் ஓரினமே. மும்மணிகளை நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என நம் ஆன்றோர் வரிசைப்படுத்தினர். நற்காட்சி மெய்ப்பொருள்களில் கொள்ளும் உறுதியைக் குறிப்பதாயினும், கண்ணெதிரே நிற்கும் சிற்றுயிரிடத்தும் இவ்வரிசை பொருந்தக் காணலாம். காட்சி திரிந்தால் அறிவு திரியும். அறிவு திரிந்தால் கை தவறு செய்யும்.

முதலில் காட்சி. சுவரில் இருப்பது அரளியின் பெயரால் வழங்கும் ஓர் அந்துப்பூச்சி. 1758இல் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், அரளியின் பெயரைச் சேர்த்தே இதற்குப் பெயரிட்டார். சிறகை விரித்தால் 9 முதல் 11 செ.மீ. வரை இருக்கும். கரும்பச்சை, இளம்பச்சை, வெண்மை, இளஞ்சிவப்பு ஆகியன கலந்த சிறகு, இலைக்கூட்டத்தில் பிறர் கண்ணுக்கு மறைவதற்கென்றே அமைந்தது. அந்தி வேளையில் மணமலர்களின் முன் சிறகடித்து அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும். இது கொட்டாது, கடிக்காது.

புழுவின் நீலக் கண்களோ கண்களே அல்ல. தலைக்குப் பின்னுள்ள உடற்பகுதியில் தோலின்மீது அமைந்த நிறப்புள்ளிகள் அவை. பறவை நெருங்கினால் புழு தலையை உள்ளிழுத்து அப்பகுதியை உப்பச் செய்யும். உடனே இரு பெரிய கண்கள் விழித்தாற்போலத் தோன்றும். தன்னைக் காத்துக்கொள்ள அந்த எளிய உயிருக்கு வாய்த்தது இப்பொய்த்தோற்றம் ஒன்றே. அதைக் கண்டு நாமும் அஞ்சித் துடைப்பத்தை எடுக்கிறோம்.

அடுத்து அறிவு. தாய்ப்பூச்சி அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை முதலிய ஒரே குடும்பத்துச் செடிகளின் இலைகளில் வெளிர்பச்சை முட்டைகளைத் தனித்தனியே இடும். சில நாட்களில் வெளிவரும் குஞ்சுப்புழுவின் வாலில் நீண்ட கரிய கொம்பு இருக்கும். மாட்டுக்கும் மனிதர்க்கும் நஞ்சாகும் அரளியிலையே இதற்கு உணவு. இரண்டு மூன்று வாரங்களில் முழு வளர்ச்சி அடைந்ததும் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகும். பின் செடியை விட்டிறங்கி, தரையில் கிடக்கும் சருகுகளிடையே மெல்லிய இழையால் கூடு பின்னி, உண்ணாது உறைந்து கிடக்கும். ஏறத்தாழ இரு வாரம் கழித்துச் சிறகோடு எழும்.

புழு இறந்து பூச்சியாகப் பிறந்தது எனச் சிலர் கூறுவர். அது மறுபிறவி அன்று. உயிர் என்னும் திரவியம் மாறவில்லை. உடலின் பரியாயம் மாறியது. சிறுமி வளர்ந்து பாட்டியாவது போன்றதே இதுவும். ஆதலின் புழுவைக் கொன்றவர், நாளை பறக்கவிருந்த பூச்சியையும் கொன்றவரே ஆவர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என ஒவ்வோர் அறிவாய் ஏறும் வரிசையைத் தருகிறது. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நான்கறிவுயிராக வைக்கிறது. நந்தியாவட்டைப் புழுவைப் பேச்சுவழக்கில் புழு என்கிறோமே ஒழிய, அது மண்புழு போன்ற ஈரறிவுயிர் அன்று. அதன் தலையின் இருபுறமும் பக்கத்துக்கு ஆறாக ஊசிமுனையளவு மெய்க்கண்கள் உள்ளன. ஒளியையும் நிழலையும் அது காண்கிறது. நாம் அஞ்சும் பெரிய கண்கள் பொய். நம் கண்ணுக்குப் புலப்படாத சிறிய கண்களே மெய்.

இனி ஒழுக்கம். கொலையை ஆரம்பி, உத்தியோகி, விரோதி, சங்கல்பி என நான்காகப் பகுத்தனர் முன்னோர். இல்லறத்தார் முதல் மூன்றை முற்றும் விலக்க இயலார். சங்கல்பியை விலக்கியே ஆக வேண்டும். "தோட்ட வேலையில் உயிர்க்கேடு இயல்புதானே?" என்று கேட்கலாம். நீர் பாய்ச்சும்போதும் மண் கொத்தும்போதும், காத்தும் தவறிப்போகும் உயிர் ஆரம்பியில் அடங்கும். இன்ன உயிர் என்று கண்டு, அது மடியட்டும் என்று எண்ணி மருந்து தெளிப்பது ஆரம்பி அன்று, அது சங்கல்பி. நான்கறிவுயிரைக் கொன்று காத்த மலரை, கொல்லாமையை உலகுக்கு உரைத்த பெருமான் திருமுன் எவ்வாறு வைப்போம்?

செய்ய வேண்டுவன எளியவை. நந்தியாவட்டை இழந்த இலையை மீண்டும் துளிர்க்கும்; ஆதலின் பொறுத்திருங்கள். ஒரே சிறுசெடியில் புழுக்கள் மிகுந்தால், அவை பற்றியுள்ள கிளைநுனியை வெட்டி, அதே இனத்துப் பெருஞ்செடியில் சார்த்தி வையுங்கள். வேற்றுச்செடியில் விட்டால் பட்டினியால் மடியும். பழுப்புப் புழு தரையிறங்கக் கண்டால், மூன்று வாரம் அவ்விடத்துச் சருகைக் கூட்டாமலும் மண்ணைக் கொத்தாமலும் விடுங்கள். இரவில் வேண்டாத திண்ணை விளக்கை அணையுங்கள். இரவுண்ணாமையைக் கைக்கொண்ட நம் குடும்பங்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. முனிவர்கள் சாதுர்மாசத்தில் ஓரிடத்தே தங்குவதும் மழைக்காலத்துச் சிற்றுயிர்களின் பொருட்டன்றோ?

பிள்ளைகளை ஒருமுறை மேலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே மேலணைக் காப்புக்காட்டில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015இல் திறக்கப்பட்டது. பூச்சியைப் பிடித்து ஊசி குத்திப் பலகையில் வைத்துக் கற்பதைவிட, அது விரும்பும் செடியை நட்டு வரவழைத்துக் கற்பதே மேலான பாடம். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள் முதல் இதனை நம்பி வருகிறேன்.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், அறிவர் கோயிலின் விதான ஓவியத்தைக் கண்டிருப்பீர்கள். தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் தம் போக்கில் திளைக்க, அவற்றினூடே அன்பர்கள் வழிபாட்டு மலர் கொய்கின்றனர். மலர் கொய்யும் கைக்கு அஞ்சி எவ்வுயிரும் அங்கே ஓடவில்லை. நம் வீட்டு நந்தியாவட்டையின் அடியிலும் அந்தக் குளத்தை நாம் காக்க இயலும். நாளைக் காலை பூக்கூடையோடு செல்லும்போது, முதலில் இலைகளைப் பாருங்கள். பிறகு பூவைக் கொய்யுங்கள்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!