நற்சான்று

வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் ஓர் உத்தியோகத்துக்கு விளம்பரம் வெளிவந்ததும் மாணவர் நம்மிடம் வருவர். நற்சான்றுப் பத்திரம் வேண்டும். அதுவும் மற்றெல்லோருடையதிலும் மேலானதாய் இருத்தல் வேண்டும். இடம் ஒன்று, விண்ணப்பம் நூறு. தனித்துத் தெரிய விரும்புவது தவறா?

தவறன்று. பதவிக்கு வேண்டிய தகுதியைத் தான் செய்த வேலையைக்கொண்டு தெளிவாகக் காட்டுபவன் எவருடைய உரிமையையும் பறிப்பதில்லை. ஆயின், குலத்தால், கட்சியால், பெரிய மனிதரின் கடிதத்தால் தனித்துத் தெரிபவன், பிறனொருவனை மறைத்தே தெரிகிறான்.

இந்நாட்டில் இம்மறைப்பு அரசின் முறையாகவே நடந்ததுண்டு. 1977ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தின் பின் வந்த தொழில் வங்கித் திட்டத்தில், விண்ணப்பப் படிவமே பாராளுமன்ற உறுப்பினர் கையினூடாக வழங்கப்பட்டது. இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கை, அரசியல் அதிகாரத் துஷ்பிரயோகத்தை இளைஞர் கொந்தளிப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கண்டது.

நாம் மட்டும் குற்றமற்றவர்களா? ஒருவனுக்காக நாம் மிகைபட எழுதும் ஒவ்வொரு சொல்லும், ஆசிரியரை அணுகக் கூசி ஒதுங்கி நிற்கும் இன்னொருவனுக்கு இழைக்கும் அநீதியே. ஆகவே, கண்டதை மட்டும் எழுதுவோம். கேளாதவனையும் அழைத்து எழுதுவோம்.

இதனால் இடம் இரண்டாகிவிடாது. எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேருள் பலர் திரும்புவது திறமையின்மையாலன்று, இடமின்மையால். அவர்களிடம், 'நீ இன்னும் சிறப்பாக விண்ணப்பித்திருக்கலாம்' என்பது ஆறுதலன்று; ஏமாற்று. தொழில் போதாத சமுதாயத்தின் குறையை விண்ணப்பித்தவன் தலையில் சுமத்தலாகாது. அதனை மாற்றும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உரியது.